துருவிலிருந்து ஐதரசன் வரை: யாழ்ப்பாணத்தில் மின்னிரசாயன ஆய்வைத் தொடங்க ஒரு முழுமையான வழிகாட்டி

நீரைப் பிரித்து ஐதரசன் எடுப்பது, அதை வேகப்படுத்தும் ஊக்கி தேடுவது, உலோகம் துருப்பிடிக்காமல் காப்பது என்று மின்னிரசாயனத்தைப் புத்தகங்கள் தனித்தனி அத்தியாயங்களாகப் பிரித்து வைத்திருக்கின்றன. ஆய்வுகூடத்தில் இறங்கினால் எல்லாம் ஒரே கேள்விதான்: உலோகமும் தண்ணீரும் தொடுகிற இடத்தில் இலத்திரன் எவ்வளவு வேகமாகக் கைமாறுகிறது? நீரைப் பிரிப்பவருக்கு அது வேகமாக நடக்க வேண்டும். துருவைத் தடுப்பவருக்கு அது நடக்கவே கூடாது. ஒருவர் நல்ல உலோகம் என்று கொண்டாடுவதை மற்றவர் கெட்ட உலோகம் என்று ஒதுக்குவார்.

உயர்தர மாணவர்கள், இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிற பல்கலைக்கழகப் பிள்ளைகள், பாடசாலை ஆய்வுகூடத்தை வைத்து ஏதாவது செய்ய நினைக்கிற ஆசிரியர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பலரும் நேரே ஐதரசனில் தொடங்க ஆசைப்படுவார்கள். என் ஆலோசனை வேறு: துருவில் தொடங்குங்கள். அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். மூன்று பக்கம் உப்புக் காற்று அடிக்கும் குடாநாட்டில் மாதிரிகளுக்கும் பஞ்சமில்லை. அங்கே பிடிபடும் அடிப்படை பிறகு ஊக்கி ஆய்வில் அப்படியே கைகொடுக்கும்.

படி 1: துருவை நிறுத்துப் பாருங்கள்

மென்னுருக்குத் தகட்டை 5 சென்ரிமீற்றர் சதுரமாக, 2 மில்லிமீற்றர் தடிப்பில் வெட்டுவியுங்கள். எந்த வெல்டிங் கடையிலும் செய்து தருவார்கள். அரத்தாளால் தேய்த்து, அசற்றோனால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, உலர்த்தி, மில்லிகிராம் காட்டும் தராசில் நிறுங்கள். ஒவ்வொன்றுக்கும் இலக்கம் அடியுங்கள். பேனாவால் எழுதினால் அழிந்துவிடும், உளியால் குத்துங்கள்.

பிறகு இடம் தேர்வு. ஒன்றைப் பண்ணைக் கடலோரத்திலும், ஒன்றைத் திருநெல்வேலி போன்ற உள்ளிடத்திலும், ஒன்றைப் பருத்தித்துறைப் பக்கமும் வைக்கலாம். காற்றைக் கவனியுங்கள். சோளகம் அடிக்கும் மாதங்களில் தென்மேற்குக் கரையும் வாடை அடிக்கும் மாதங்களில் வடமராட்சிக் கரையும் உப்பை வாங்கும். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு தகடு வையுங்கள்: ஒன்று மழை படும்படி, மற்றது கூரைக்குக் கீழே. மழை படாததுதான் பிழைக்கும் என்று நினைப்போம். கடலோரத்தில் பல வேளைகளில் நேர்மாறாக நடக்கும். மழை உப்பைக் கழுவிவிடுகிறது. கூரைக்குக் கீழே உப்புப் படிந்தபடியே இருந்து இரவு ஈரத்தை இழுக்கிறது. வீட்டுத் தகரக் கூரையின் அடிப்பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

தகடுகளை எடுத்த பிறகு துருவை ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து அகற்றி மீண்டும் நிறுக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. அமிலம் துருவோடு நல்ல இரும்பையும் கொஞ்சம் தின்னும். அதனால் துருப்பிடிக்காத புதுத் தகடொன்றையும் அதே அமிலத்தில் அதே நேரம் வைத்து, அது இழந்த நிறையைக் கழித்துவிடுங்கள். இந்த ஒப்பீட்டுத் தகடு இல்லாத முடிவை நான் நம்பமாட்டேன்.

கணக்கு எளிது. இழந்த நிறையை மில்லிகிராமில் எடுத்து 87.6 ஆல் பெருக்குங்கள். அதை அடர்த்தி, சதுர சென்ரிமீற்றரில் பரப்பு, மணித்தியாலத்தில் காலம் ஆகிய மூன்றின் பெருக்கத்தால் வகுத்தால், ஆண்டுக்கு எத்தனை மில்லிமீற்றர் தடிப்புக் குறைகிறது என்று வரும். மேலே சொன்ன தகட்டின் பரப்பு, ஓரங்களையும் சேர்த்து, 54 சதுர சென்ரிமீற்றர். இரும்பின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 7.87 கிராம். 90 நாள், அதாவது 2160 மணித்தியாலத்தில், 1050 மில்லிகிராம் போயிருந்தால் விடை ஆண்டுக்கு 0.10 மில்லிமீற்றர். கடல்நீரில் மூழ்கிக் கிடக்கும் உருக்கு ஏறத்தாழ இந்த அளவில்தான் கரையும்.

இந்த எண்ணை மின்னோட்டமாகவும் வாசிக்கலாம். இரும்புக்குச் சதுர சென்ரிமீற்றருக்கு 1 மைக்ரோஅம்பியர் என்பது ஆண்டுக்கு 0.0116 மில்லிமீற்றர். ஆகவே 0.10 மில்லிமீற்றர் என்றால் சுமார் 8.6 மைக்ரோஅம்பியர். துரு என்பது வெளியே கம்பி இல்லாத, தானே குறுக்குச்சுற்றான ஒரு மின்கலம். இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போவோம்.

படி 2: மாட்டேற்று மின்வாய் ஒன்றைச் செய்யுங்கள்

நிறை இழப்பு என்ன நடந்தது என்று சொல்லும். இப்போது என்ன நடக்கிறது என்று சொல்லாது. அதற்கு மின்வாய் அழுத்தத்தை அளக்க வேண்டும், அளக்க ஒரு நிலையான ஒப்பீடு, அதாவது மாட்டேற்று மின்வாய், வேண்டும். வாங்கினால் விலை. செப்பு–செப்புச் சல்பேற்று மின்வாயை நீங்களே செய்யலாம். தோட்டங்களில் பூஞ்சண நோய்க்கு அடிக்கும் நீல உப்பு, மயில்துத்தம், அதேதான். ஆனால் ஆய்வுகூடத் தரத்தில் வாங்குங்கள்.

சிறிய பிளாஸ்ரிக் குழாயின் ஒரு முனையில் மென்மையான மரத்துண்டை இறுக்கி அடையுங்கள். உள்ளே காய்ச்சி வடித்த நீரில் கரைத்த நிரம்பிய செப்புச் சல்பேற்றுக் கரைசலை ஊற்றி, அடியில் கொஞ்சம் பளிங்கு கரையாமல் கிடக்க விடுங்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய தடித்த செப்புக் கம்பியை மூடி வழியாக இறக்குங்கள். மரத்துண்டு நனைந்ததும் வேலை செய்யும். இதன் அழுத்தம் நியம ஐதரசன் மின்வாயை விட 0.316 வோல்ற் மேலே. இரண்டு செய்து ஒன்றை ஒன்றோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு சில மில்லிவோல்ற்றுக்கு மேல் போனால் இரண்டையும் திரும்பச் செய்யுங்கள். கடல்நீரில் அடிக்கடி வைத்தால் குளோரைட்டு உள்ளே புகுந்து கெடுக்கும், ஆகவே கரைசலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

மல்ரிமீற்றர் டிஜிற்றல் வகையாக இருக்கட்டும். பழைய முள் மீற்றர் தானே மின்னோட்டம் இழுத்து அளவைக் குழப்பும். சிவப்பு வயரை உலோகத்துக்கும் கறுப்பு வயரை மாட்டேற்று மின்வாய்க்கும் கொடுங்கள். கடல்நீரில் வெறும் உருக்கு சுமார் –0.65 முதல் –0.7 வோல்ற் வரை காட்டும். நாகம், கடையில் சிங்க் என்று கேட்டால்தான் தருவார்கள், சுமார் –1.1 காட்டும். உருக்கு –0.85 அல்லது அதற்குக் கீழே இறங்கினால் அது காப்பாற்றப்பட்டிருக்கிறது என்பது துறையில் உள்ளவர்கள் ஏற்றுக்கொண்ட அளவுகோல்.

படி 3: நாகத்தைக் காவு கொடுங்கள்

ஒரு வாளி கடல்நீரில் உருக்குத் தகட்டை இறக்கி அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு ஒரு நாகத் துண்டைக் கம்பியால் அதோடு இணைத்து, அதையும் நீரில் இறக்குங்கள். உருக்கின் அழுத்தம் –0.85 ஐத் தாண்டிக் கீழே போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இனி நாகம்தான் கரையும். குருநகரிலோ மயிலிட்டியிலோ வள்ளத்தின் வெளியிணைப்பு இயந்திரத்தைக் கிட்ட நின்று பாருங்கள். நீரில் மூழ்கும் பகுதியில் அரித்துப் புள்ளி விழுந்த சிறு உலோகக் கட்டி இருக்கும். அது அதற்காகத்தான் அங்கே இருக்கிறது. சில பேர் அதற்கும் சேர்த்து வர்ணம் பூசிவிடுகிறார்கள். பூசினால் கட்டி கரையாது, இயந்திரம் கரையும்.

எவ்வளவு நாகம் வேண்டும்? வர்ணம் பூசாத உருக்கு அரைச் சதுர மீற்றர், சதுர மீற்றருக்கு 100 மில்லிஅம்பியர் தேவை என்று வைத்தால் 0.05 அம்பியர். ஓர் ஆண்டுக்கு 8760 மணித்தியாலம், ஆக 438 அம்பியர்–மணித்தியாலம். நாகம் கிலோவுக்குச் சுமார் 780 அம்பியர்–மணித்தியாலம் தரும். 0.56 கிலோ. கட்டி முழுவதும் கரையும்வரை விடமாட்டோம் என்பதால் முக்கால் கிலோ போடுவது புத்தி. அலுமினியக் கலப்புலோகம் கிலோவுக்குச் சுமார் 2500 தருவதால் அதே வேலைக்குக் கொஞ்சம் போதும்.

இந்த யோசனை பழையது. 1824 இல் ஹம்ப்ரி டேவி பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகடுகளை நாகமும் இரும்பும் இணைத்துக் காப்பாற்றினார். செப்பு கரைவது நின்றது. ஆனால் செப்பு கரைந்து வந்த நஞ்சுதான் சிப்பிகளையும் பாசியையும் தள்ளி வைத்திருந்தது. அது நின்றதும் கப்பலின் அடியில் அவை ஒட்டி வேகத்தைக் குறைத்தன. ஆய்வுகூடத்தில் வெற்றி, கடலில் தோல்வி. உங்கள் ஆய்வறிக்கையில் வெளிக்களச் சோதனை என்றொரு பகுதி ஏன் வேண்டும் என்று யாராவது கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கடல்நீரில் காக்கப்படும் உருக்கின்மேல் சில நாட்களில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு வரும். கதோட்டில், இங்கே உருக்கில், ஐதரொட்சைட்டு உருவாகி அந்த இடத்துப் பிஎச் ஏறுவதால் கல்சியம் காபனேற்றும் மகனீசியம் ஐதரொட்சைட்டும் படிகின்றன. சுரண்டிவிடாதீர்கள். அது ஒட்சிசனை மறித்துத் தேவையான மின்னோட்டத்தைக் குறைக்கிறது. இதே பிஎச் ஏற்றம் இன்னும் இரண்டு இடத்தில் வரப்போகிறது.

படி 4: துருவும் ஊக்கியும் சந்திக்கும் இடம்

இது பத்து நிமிடச் சோதனை. ஆனால் முழு வழிகாட்டியிலும் இதைத்தான் நான் விரும்புவேன். தூய நாகத் துண்டை ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் போடுங்கள். குமிழ் மெதுவாக வரும். இப்போது ஒரு செப்புக் கம்பியை அமிலத்துக்குள் இறக்கி நாகத்தைத் தொடச் செய்யுங்கள். குமிழ்கள் செப்பிலிருந்து சீறிக் கிளம்பும், ஆனால் கரைவது நாகம், முன்னைவிட வேகமாக.

செப்பு எதையும் கொடுக்கவில்லை, தானும் கரையவில்லை. ஐதரசன் உருவாக நாகத்தைவிட நல்ல தளம் கொடுத்தது, அவ்வளவுதான். ஊக்கி என்பது இதுதான். ஊக்கியால் அரிப்பு கூடுகிறது என்பதும் இதுதான். ஒரு உலோகத்தின்மேல் ஐதரசன் எவ்வளவு இலகுவாக உருவாகும் என்பதைப் பரிமாற்ற மின்னோட்ட அடர்த்தி என்ற எண் சொல்கிறது. அமிலக் கரைசலில் பிளாற்றினத்துக்கும் இரசத்துக்கும் இடையே அது கிட்டத்தட்ட நூறு கோடி மடங்கு வேறுபடும். பழைய உலர்கலங்களில் நாகத்தில் இரசம் சேர்த்தது ஐதரசன் வெளிவருவதைத் தடுத்து நாகத்தைக் காக்கத்தான். நீரைப் பிரிப்பவர்கள் பிளாற்றினத்தை நாடுவது இதே எண்ணின் மறுமுனைக்காக.

வீட்டு வேலைக்கும் இது உதவும். கல்வனைஸ் குழாயோடு பித்தளை வால்வை நேரே இணைத்தால் நாகமுலாம் முதலில் போகும், பிறகு இரும்பு. பெரிய பித்தளைப் பகுதியோடு சிறிய இரும்பு ஆணி சேர்ந்தால் இன்னும் மோசம். பெரிய கதோட்டு இழுக்கும் மின்னோட்டம் முழுவதும் சிறிய அனோட்டிலிருந்து, அதாவது கரையும் ஆணியிலிருந்து, வர வேண்டும். அலுமினிய இயந்திரக் காலில் செப்புள்ள பாசித்தடுப்பு வர்ணம் பூசக்கூடாது என்பதும் அதனால்தான்.

படி 5: நீரைப் பிரித்து, கணக்கைச் சரிபாருங்கள்

1800 இல் நிக்கல்சனும் கார்லைலும் மின்னோட்டத்தால் நீரைப் பிரித்துக் காட்டினார்கள். இன்று அது பாடசாலைப் பரிசோதனை. பரிசோதனையை ஆய்வாக மாற்றுவது அளவுக் கணக்கு.

லீற்றருக்கு 56 கிராம் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு என்ற அளவில் கரைசல் செய்யுங்கள். கரைக்கும்போது சூடேறும், திண்மத்தை நீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், ஏனென்றால் இது கண்ணைப் பறிக்கும் காரம். மின்வாய் இரண்டும் நிக்கல் வலை. மின்சாரம் குறைந்த வோல்ற் நேரோட்ட வழங்கியிலிருந்து. வீட்டு மின்னை எந்த வழியிலும் நேரே தொடுக்காதீர்கள். அறை திறந்திருக்கட்டும், தீ வேண்டாம். வளியில் 4 முதல் 75 வீதம் வரை ஐதரசன் கலந்தால் தீப்பிடிக்கும்.

கறியுப்புப் போட்டுச் செய்யாதீர்கள். குளோரீன் வரும். துருப்பிடிக்காத உருக்குக் கரண்டியை அனோட்டாக வைக்கும் காணொளிகளையும் நம்பாதீர்கள். உப்புக் கரைசலில் அது கரைந்து குரோமியத்தின் நச்சுச் சேர்வைகளைத் தரலாம். கிணற்று நீரும் வேண்டாம். நமது நிலத்தடி சுண்ணக்கல், நீர் வன்னீர். கதோட்டில் பிஎச் ஏறியதும் அதே வெள்ளைப் படிவு வந்து மின்வாயை மூடும். உருக்கைக் காத்த நண்பன் இங்கே எதிரி.

இப்போது கணக்கு. 0.1 அம்பியர் ஒரு மணித்தியாலம் ஓடினால் 360 கூலோம். 96485 இன் இரு மடங்கால் வகுத்தால் 0.00187 மூல் ஐதரசன். 30 பாகை செல்சியசில் உலர்ந்த வாயுவாகச் சுமார் 46 மில்லிலீற்றர், நீராவியோடு சேர்த்தால் ஏறத்தாழ 48. ஒட்சிசன் அதில் பாதி. ஐதரசன் குறைந்தால் கசிவைத் தேடுங்கள். ஐதரசன் சரியாக இருந்து ஒட்சிசன் மட்டும் குறைந்தால் விடயம் சுவாரசியமானது: அனோட்டு தானே ஒட்சியேறுகிறது. நிக்கலுக்குப் பதிலாகப் பென்சில் கரியை வைத்துப் பாருங்கள், ஒட்சிசன் குறையும், கரைசல் மெல்லக் கறுக்கும். அதாவது அங்கே நடப்பதும் அரிப்புத்தான்.

படி 6: ஊக்கி பூசுங்கள்

நீரைப் பிரிக்க 25 பாகையில் கோட்பாட்டின்படி 1.23 வோல்ற் போதும். நடைமுறையில் கார வகைத் தொழிற்சாலைக் கலங்கள் 1.7 முதல் 2 வோல்ற் வரை கேட்கின்றன. மேலதிகமாகக் கேட்பதன் பெரும்பகுதி ஒட்சிசன் பக்கத்தில் செலவாகிறது. அங்கே நான்கு இலத்திரன் கைமாற வேண்டும். காரக் கரைசலில் அதற்கு மலிவான, நல்ல ஊக்கி நிக்கல்–இரும்பு ஐதரொட்சைட்டு.

100 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் 0.087 கிராம் நிக்கல் நைத்திரேற்று அறுநீரேற்றையும் 0.121 கிராம் இரும்பு(3) நைத்திரேற்று ஒன்பான்நீரேற்றையும் கரையுங்கள். நிக்கல் உப்பு புற்றுநோய் தரக்கூடியது, தோலிலும் ஒவ்வாமை தரும். கையுறையோடு நில்லுங்கள், தூள் மூக்கில் போகவிடாதீர்கள். நிக்கல் வலையை ஐதான அமிலத்தில் கழுவி, வெள்ளி–வெள்ளிக் குளோரைட்டு மின்வாய்க்கு எதிராக –1.0 வோல்ற்றில் 300 செக்கன் வைத்திருங்கள். இதற்குப் பொட்டென்ஷியோஸ்டாட், அதாவது மின்வாய் அழுத்தத்தைப் பிடித்து வைத்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி, வேண்டும். நைத்திரேற்று தாழ்த்தப்பட்டு வலையருகே பிஎச் ஏறும், நிக்கலும் இரும்பும் ஐதரொட்சைட்டாக மெல்லிய மஞ்சள் கலந்த பழுப்பாகப் படியும். கடற்கரை உருக்கில் சுண்ணாம்பு படிந்த அதே வழிதான்.

படி 7: நேர்மையாக அளவிடுங்கள்

இங்கேயும் பொட்டென்ஷியோஸ்டாட் தேவை. பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் நேரம் கேட்டு வாங்குங்கள். அழுத்தத்தைச் செக்கனுக்கு 1 முதல் 5 மில்லிவோல்ற் வேகத்தில் ஏற்றி மின்னோட்டத்தைப் பதியுங்கள். சதுர சென்ரிமீற்றருக்கு 10 மில்லிஅம்பியர் வரும் இடத்தில் அழுத்தம் என்ன என்பதே எல்லோரும் ஒப்பிடும் எண்.

ஓர் உதாரணம். வெள்ளி–வெள்ளிக் குளோரைட்டுக்கு எதிராக 0.55 வோல்ற், பிஎச் 14 என்று வைப்போம். அந்த மின்வாயின் சொந்த அழுத்தமான 0.197 ஐயும், பிஎச்சுக்கான திருத்தமாக 14 மடங்கு 0.059 ஐயும் கூட்டினால் 1.573. கரைசலின் தடை 2 ஓம், மின்வாய் 1 சதுர சென்ரிமீற்றர் என்றால் 0.02 வோல்ற்றைக் கழியுங்கள்: 1.553. அதிலிருந்து கோட்பாடு கேட்கும் 1.23 போனால், மேலதிகமாகக் கொடுத்தது, அதாவது மிகை அழுத்தம், 323 மில்லிவோல்ற். 0.059 என்பது 25 பாகைக்கு உரியது. குளிரூட்டி இல்லாத நமது அறையில் 30 பாகை என்றால் அது 0.060 ஆகும், அந்த ஓர் எண் மட்டும் 14 மில்லிவோல்ற் வித்தியாசம் தரும். ஊக்கிகளுக்கு இடையிலான சண்டைகள் பல இதைவிடச் சிறிய வித்தியாசத்தில்தான் நடக்கின்றன. வெப்பநிலையை எழுதாத அட்டவணையை ஒதுக்கி வையுங்கள்.

நிக்கல் உள்ள மின்வாயில், மேலே 1.553 என்று வந்த அதே அளவுகோலில், 1.35 முதல் 1.45 வோல்ற் வரையுள்ள பகுதியில் நிக்கல் தானே ஒட்சியேறும் மேடு ஒன்று வரும். அதை ஒட்சிசன் என்று எண்ணி 10 மில்லிஅம்பியரை அங்கே வாசித்தால் ஊக்கி அதிசயமாகத் தெரியும். கீழிறங்கும் திசையில் அளந்தால் இந்த ஏமாற்று இருக்காது. அடுத்தது, வெறும் நிக்கலோடு ஒப்பிடும்போது காரத்தின் தூய்மை. சாதாரண பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் உள்ள சிறிதளவு இரும்பே நிக்கலில் ஏறி அதை நல்ல ஊக்கியாக்கிவிடும். ஐதரசன் பக்கம் சோதிக்கும்போது எதிர் மின்வாயாகப் பிளாற்றினம் வைக்காதீர்கள், கரித்தண்டு வையுங்கள். பிளாற்றினம் கரைந்து வந்து உங்கள் மாதிரியில் படிந்தால் பிறகு நீங்கள் அளப்பது பிளாற்றினத்தை. வெள்ளி–வெள்ளிக் குளோரைட்டு மின்வாய் கடும் காரத்தில் நாளடைவில் கெடும். நீண்ட சோதனைக்கு இரசம்–இரச ஒட்சைட்டு பொருத்தம்.

முதல் எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். மின்னோட்டத்தை 10 மில்லிஅம்பியரில் பூட்டி பல மணித்தியாலம் ஓடவிடுங்கள். பிறகு அதை அடிக்கடி நிறுத்தி நிறுத்தித் தொடங்குங்கள். சூரியனிலோ பளைப் பக்கக் காற்றாடிகளிலோ இருந்து வரும் மின்சாரம் ஏறி இறங்கும். கலம் நிற்கும்போது மின்வாய்களுக்கு இடையே பின்னோட்டம் ஓடி கதோட்டை அரிக்கும். தொடர்ந்து ஓடும்போது நன்றாக இருந்த ஊக்கி பல இங்கே விழும். என்னைக் கேட்டால், நமது நிலைமைக்கு மிகப் பயனுள்ள ஆய்வுத் தலைப்பு இதுதான்.

படி 8: கடல்நீரை நேரே பிரிக்கலாமா?

சுற்றிலும் கடல் இருப்பதால் இந்தக் கேள்வி எப்போதும் வரும். காரக் கரைசலில் ஒட்சிசன் உருவாகும் அழுத்தத்துக்கும் குளோரைட்டு ஒட்சியேறும் அழுத்தத்துக்கும் இடையே ஏறத்தாழ 0.48 வோல்ற் இடைவெளி உண்டு. அதற்குள் நிற்கும் ஊக்கி இருந்தால் குளோரீன் வராது. ஆய்வாக நல்லது. ஆனால் பொருளாதாரமாகப் பாருங்கள். 1 கிலோ ஐதரசனுக்கு 9 லீற்றர் நீரும் இன்றைய கலங்களில் 50 கிலோவாற்–மணித்தியாலத்துக்கு மேல் மின்சாரமும் வேண்டும். கடல்நீரை நன்னீராக்க 1000 லீற்றருக்கு 3 முதல் 4 கிலோவாற்–மணித்தியாலம். 9 லீற்றருக்கு 0.04 கூட ஆகாது. 2024 இல் தாளையடியில் திறந்த நிலையம் கடல்நீரைக் குடிநீராக்குவது அப்படித்தான். உப்பை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு பிரிப்பதே மலிவு. உப்போடு பிரிக்கும் வேலையைத் தலைப்பாக எடுத்தால், குளோரைட்டில் மின்வாய் எப்படி அரிக்கிறது என்பதையே மையமாக வையுங்கள். முதல் படிகளில் கற்றது அங்கே வேலைக்கு வரும்.

கடைசியாகக் கழிவு. குடாநாட்டில் தரையில் ஊற்றுவது சுண்ணக்கல் வெடிப்புகள் வழியே அடுத்த வளவுக் கிணற்றுக்குப் போகும். நிக்கலும் செப்பும் உள்ள கரைசல்களை ஒரு வாளியில் சேருங்கள். காரம் சேர்த்துப் பிஎச்சை 10 அளவுக்குக் கொண்டுவாருங்கள், ஐதரொட்சைட்டு படியும். ஒரு நாள் அடைய விட்டு வடியுங்கள். சேற்றை உலர்த்திப் போத்தலில் அடைத்து, உள்ளே என்ன, எந்தத் திகதி என்று எழுதி ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். தெளிந்த நீரையும் ஐதான அமிலத்தால் 7 க்குக் கிட்டக் கொண்டுவந்து அவரிடம் கேட்ட பிறகே ஊற்றுங்கள். இரசம் உள்ள எதையும் இந்த வாளியில் சேர்க்க வேண்டாம். அதற்குத் தனிப் போத்தல்.